துவைக்காத துணி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். கலியாண மகாலைச் சுற்றி வருகிறார்கள். பிறகு தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். கூத்திலும் பாட்டிலும் அந்தக் கதையில் குதிரை உண்டு, வீரம் உண்டு, உயிர் கொடுக்கும் நண்பன் உண்டு. ஆனால் 1714-ல் அந்த வாலிபன் எதற்காகப் போர்க்களம் போனான் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. சரித்திரத்தைப் புரட்டினால் அங்கே ஒரு கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது. கப்பப் பாக்கி! "பாக்கியைக் கட்டு" என்றார் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான். கட்ட மாட்டேன் என்றான் தேசிங்கு. இவ்வளவுதான் சண்டையின் வேர்.

வல்லத்தில் இருந்துகொண்டு செஞ்சி மலையைத் தினமும் பார்க்கிற எங்களுக்குப் பாக்கி என்ற சொல் புதியதல்ல. கூட்டுறவுச் சங்கத்துப் பாக்கி, உரக்கடைப் பாக்கி, மகள் கலியாணத்துக்கு வாங்கிய பாக்கி என்று மல்லாட்டை விளைகிற மண்ணில் அதுவும் கூடவே விளைகிறது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பாக்கி என்று சொன்னாலே அது கீழேயிருந்து மேலே போக வேண்டியதாகத்தான் இருக்கும். குடியானவன் சங்கத்துக்குத் தர வேண்டும். சங்கம் சர்க்காருக்குத் தர வேண்டும். மேலேயிருந்து கீழே வர வேண்டிய பாக்கி என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. அதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அது ரூபாய் நோட்டாக இல்லை. அரக்கு முத்திரை வைத்த காகிதப் பொட்டலமாக இருக்கிறது. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண்ணின் உடலிலிருந்தும் உடையிலிருந்தும் எடுத்து, எண் போட்டு, கையெழுத்து வாங்கி, 'பரிசோதனைக்காக' என்று அனுப்பி வைத்த பொட்டலம். அது தன் முறை வரும் வரையில் அலமாரியில் காத்திருக்கிறது.

குடும்பத்தோடு படிக்கிற பக்கத்தில் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். படிப்பதற்கே சங்கடமாக இருக்கிறதென்றால், பட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பொட்டலம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வோம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் ஆஸ்பத்திரிகளுக்கென்று ஒரு வழிமுறை வகுத்தது. நடந்து 96 மணி நேரம் வரையில் உடலிலிருந்து தடயம் எடுக்கலாம் என்கிறது அது. அதாவது நாலு நாள். அந்த நாலு நாளைக்குள் பெண் வாய் திறந்து சொல்ல வேண்டும். வீடு அவளை நம்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளிக்காமல் போனால் நல்லது. பிறகு டாக்டர் அவளுடைய சம்மதத்தைக் கேட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு எடுப்பார். நகத்துக்கு அடியில் சுரண்டி எடுப்பார். உடையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் நிழலில் காற்றாட உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்தால் தடயம் போயிற்று.

நம் நாட்டில் இந்தப் பரிசோதனையோடு இன்னொரு கொடுமையும் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 'இரு விரல் சோதனை' என்று அதற்குப் பெயர். அதனால் நியாயத்துக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் மட்டும் இரண்டு மடங்காயிற்று. சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் அதைக் கண்டித்தது. சென்னை ஹைக்கோர்ட்டு 2022 ஏப்ரலில் அதை ஒழிக்கச் சொல்லித் தமிழ்நாட்டு அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் அடித்துச் சொன்னது. ஒரு தப்பை நிறுத்த மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒரு பெண் தன் உடம்பையே சாட்சியாகக் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த நிமிஷத்திலிருந்து கடன்காரர் யார்? வாங்கி வைத்துக்கொண்டவர்தானே?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். பல ஜில்லாக்களில் வேலை பார்த்தவர். ஒருநாள் கையில் ஒரு சம்மனோடு வந்தார். வேறொரு ஜில்லாவில் ஒரு கோர்ட்டுக்கு அவர் சாட்சி சொல்லப் போக வேண்டும்.

"என்ன வழக்கு, ஏட்டையா?" என்று கேட்டேன்.

"பார்சல் வழக்கு சார்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பொண்ணு விஷயம். நான் ஒண்ணும் பார்க்கல, கேக்கல. ஆய்வகத்துக்குப் பார்சலைக் கொண்டு போனவன் நான். 'கொண்டு போனது நீங்கதானா?'ன்னு கேப்பாங்க. 'ஆமாங்க'ன்னு சொல்லணும். ரெண்டு நிமிஷ வேலை. நாள் பூரா உட்கார்ந்திருக்கணும். நீங்களும் வாங்களேன், பேச்சுத் துணைக்கு" என்றார்.

போனேன். எந்த ஊர், எந்தக் கோர்ட்டு, பொட்டலம் எந்த ஆய்வகத்தில் கிடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. இப்படிப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்டவளை அடையாளம் காட்டும்படி எழுதக் கூடாது என்பது சட்டம். சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும் மனிதன் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஆகவே இங்கே சில விவரங்களை மறைத்திருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பஸ்ஸில் ஏட்டு பழைய கதை சொல்லிக்கொண்டு வந்தார். "ஒரு தடவை பஸ்ஸுல நல்ல கூட்டம் சார். கண்டக்டர், 'பார்சலை மேல போடுங்க'ன்னாரு. மாட்டேன்னுட்டேன். அரக்கு ஒடைஞ்சா கேஸு ஒடைஞ்சுது. மடியிலயே வச்சுக்கிட்டுப் போனேன். அங்க போய் ரசீது வாங்கினப்புறம்தான் ஒரு டீயே குடிச்சேன்."

"அதற்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் நான் ரிடையரே ஆயிட்டேன் சார்" என்றார் அவர்.

அதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. பொட்டலம் போய்ச் சேர்ந்ததற்கும் அறிக்கை திரும்பி வந்ததற்கும் இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் ஒரு மனிதருடைய உத்தியோகமே முடிந்துவிட்டது.

கோர்ட்டு வாசலில் ஒரு புங்கமரம். அதன் கீழே ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். வழக்கு மூடிய அறையில் நடக்கிறது. உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. வெளியே அந்த அம்மாள் ஏட்டை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து கும்பிட்டாள். என்னையும் ஏதோ உத்தியோகஸ்தர் என்றே நினைத்திருக்க வேண்டும்.

"காயிதம் வந்துடுச்சாம்யா" என்றாள். "நம்ம பொண்ணு சொன்னது நெசந்தான்னு அதுல இருக்குதாம். வக்கீலம்மா சொன்னாங்க."

"நல்லதும்மா" என்றார் ஏட்டு.

"நல்லதுதான்யா. ஆனா பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டுடுச்சே. போற வழியிலதான் அவன் கடை. ஜாமீன்ல வந்து கடையில குந்திக்கினு பாக்குறான். இந்தக் காயிதம் அப்பவே வந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அந்தத் துணியைத் தண்ணியில போட்டு அலசிடலாம்னு கை பரபரத்துச்சுய்யா. ஒரு நர்ஸம்மாதான் 'தொடாதே, அப்படியே வை'ன்னுச்சு. பொறந்ததுலேருந்து அது உடுத்துன துணி ஒண்ணை நான் துவைக்காம வச்சதில்ல. அதை மட்டும் துவைக்கல. அவ்ளோ நாளா அதை வச்சுக்கினு என்னதான்யா பண்ணாங்க?"

"பரிசோதனை பண்ணுவாங்கம்மா" என்றார் ஏட்டு. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி என்னோடு வல்லம் வரையில் வந்தது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிப் படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இனி எழுதுகிறேன்.

என்ன பண்ணுவார்கள்? துணியில் கறை எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். அது ரத்தமா, விந்துவா என்று ரசாயனத்தால் பார்ப்பார்கள். பிறகு கறையிலிருந்து உயிரணுவைப் பிரித்து, அதற்குள்ளிருக்கும் டி.என்.ஏ.வை எடுத்து, இயந்திரத்தில் லட்சக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கி, குறிப்பிட்ட சில இடங்களில் அதன் அமைப்பை அளந்து எழுதுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவனின் ரத்தத்தையும் இதே மாதிரி அளப்பார்கள். இரண்டு அளவும் பொருந்துகிறதா, பொருந்தவில்லையா என்பதே அறிக்கை. இந்த வேலைக்கு இரண்டு வருஷம் தேவையில்லை. உட்கார்ந்து செய்தால் சில நாட்களில் முடிகிற வேலை. மீதிக் காலமெல்லாம் பொட்டலம் வரிசையில் நிற்கிற காலம்.

இந்த வித்தை எங்கே பிறந்தது தெரியுமா? 1984-ல் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ் இதைக் கண்டுபிடித்தார். அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொலையுண்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். ஜெஃப்ரீஸ் பரிசோதித்துப் பார்த்து இரண்டு விஷயங்கள் சொன்னார்: இரண்டையும் செய்தவன் ஒருவனே, அவன் இந்தப் பையன் அல்ல. உண்மைக் குற்றவாளி பிறகு பிடிபட்டு 1988-ல் தண்டனை பெற்றான். குற்ற விசாரணையில் டி.என்.ஏ. செய்த முதல் காரியம் ஒரு நிரபராதியை விடுவித்ததுதான். 'பெண்கள் பொய்யாகப் புகார் செய்துவிடுகிறார்களே' என்று கவலைப்படுகிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொட்டலம் தூங்கினால் நிரபராதியின் விடுதலையும் அதனோடு சேர்ந்துதான் தூங்குகிறது.

இந்த விஷயத்தில் நம் சென்னைப் பட்டணம் பின்தங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னையில்தான் ஏற்பட்டது. கல்கத்தாவும் பம்பாயும் நமக்குப் பின்னால்தான். விஷம் வைத்துக் கொன்றார்களா என்று கண்டறிவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது அது. அந்த வழியில் வளர்ந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறை இன்று மாநிலத்தின் பல ஜில்லாக்களில் கிளை பரப்பி நிற்கிறது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் மகளிர் காவல் நிலையத்தைத் திறந்ததும் நாம்தான். அறிவும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. அப்படியானால் இல்லாதது என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேட அமெரிக்கா வரையில் போய்த் திரும்புவோம். 2009-ல் டெட்ராய்ட் நகரத்தில் போலீசாரின் பழைய கிடங்கு ஒன்றுக்குள் அரசு வக்கீல் அலுவலகத்தார் நுழைந்தார்கள். அங்கே பரிசோதிக்கப்படாத பலாத்காரத் தடயப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தால் 11,341! ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு பெண். அவற்றில் சில பெட்டிகளுக்கு வயது இருபதுக்கும் மேல். கிம் வொர்தி என்ற தலைமை அரசு வக்கீல் பிடிவாதமாக நின்றார். ஆனால் அந்த நகரமோ 2013-ல் திவாலாகிவிட்டது. கடைசியில் ஊர் மக்கள் நன்கொடை திரட்டினார்கள். ஒரு பெட்டியைப் பரிசோதிக்க 490 டாலர் ஆகும் என்று கணக்குச் சொல்லி, "தலைக்கு ஒரு 490 கொடுங்கள்" என்று கறுப்பினப் பெண்கள் ஓர் இயக்கமே நடத்தினார்கள்.

நம் கோயில் டியூப் லைட்டுகளில் 'உபயம்' என்று பெயர் எழுதியிருக்குமே, அது என் நினைவுக்கு வந்தது. விளக்குக்கு உபயதாரர் இருக்கலாம். பிரகாரத்துக் கல்லுக்கு இருக்கலாம். நியாயத்துக்கு உபயதாரர் தேட வேண்டுமா? கொடுத்த அந்தப் பெண்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது அவர்கள் தலையில் விழுந்திருக்க வேண்டிய சுமையல்ல.

அதே நாட்டில் ஹூஸ்டன் நகரம் வேறு வழி கண்டது. தேங்கிக் கிடந்த பெட்டிகள் 6,600-க்கு மேல். 2013-ல் நகரசபை பொதுப் பணத்தை ஒதுக்கிற்று. எல்லாவற்றையும் வெளி ஆய்வகங்களுக்கு அனுப்பிற்று. 2015-ல் 'ஒன்றும் பாக்கியில்லை' என்று மேயர் அறிவித்தார். அந்தப் பெட்டிகளிலிருந்து தேசியக் குற்றப் பதிவேட்டில் 850 பொருத்தங்கள் கிடைத்தன. மத்திய அரசும் 2004-ல் சட்டம் செய்து இதற்கென்று பணம் ஒதுக்கியது. 2015-லிருந்து தனித் திட்டமும் போட்டது. டெட்ராய்ட் பெட்டிகளைத் திறக்கத் திறக்க, ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைச் சீரழித்தவர்கள் என்று சந்தேகிக்க இடமுள்ளவர்கள் 800 பேருக்கு மேல் தெரியவந்தார்கள். முதல் பெட்டியை அன்றே திறந்திருந்தால் இரண்டாவது பெட்டிக்கு வேலையே இருந்திராது அல்லவா?

நம் நாட்டு நிலைமை முழுக்க அப்படியல்ல. இங்கே அந்த மாதிரி தேசிய டி.என்.ஏ. பதிவேடு கிடையாது. அதற்காகக் கொண்டுவந்த மசோதாவை மத்திய அரசு 2023-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தவிரவும், நம் நாட்டில் பதிவாகும் பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். பக்கத்து வீட்டுக்காரன், உறவுக்காரன், முதலாளி, கலியாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னவன். "ஆள் யார் என்பது தெரிந்திருக்கும்போது பரிசோதனைக்கு என்ன அவசரம்?" என்று கேட்கத் தோன்றும்.

அவசரம் அங்கேதான் இருக்கிறது. கிராமத்தில் இப்படி ஒரு வழக்குப் பதிவானதும் என்ன நடக்கும்? பெரியவர்கள் நாலு பேர் வருவார்கள். "வெளியே தெரிந்தால் பெண்ணுக்குத்தான் கேடு" என்பார்கள். "ஏதோ கொடுக்கச் சொல்கிறோம், வாங்கிக்கொண்டு விட்டுவிடு" என்பார்கள். "பொய் சொல்கிறாள்" என்று இன்னொரு பக்கம் பேச்சு கிளம்பும். வாய்தாவுக்கு மேல் வாய்தா போகும். ஒரு நாள் கூலி, இரண்டு பஸ் கட்டணம், ஊரார் பார்வை - இத்தனையையும் தாங்கி ஓர் ஏழைக் குடும்பம் எத்தனை நாள் நிற்கும்? அறிக்கை வராத ஒவ்வொரு மாதமும் அந்த நாலு பேருக்குச் சாதகமான மாதம். 'பொருந்துகிறது' என்ற ஒரு வரி வந்துவிட்டால் சமாதானம் பேச வந்தவர்கள் எழுந்து போவார்கள். பொட்டலம் தேங்குவதில் வழக்கு மட்டுமா தேங்குகிறது? பெண்ணின் சொல்லுக்கு ஊரில் கிடைக்க வேண்டிய மதிப்பும் அல்லவா தேங்குகிறது!

சட்டப்படி அவள் சொல் ஒன்றே போதும் என்பதும் எனக்குத் தெரியும். நம்பத் தகுந்ததாக இருந்தால் வேறு சான்று இல்லாமலே அதைக் கொண்டு தண்டிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தடயம் கிடைக்கவில்லை என்பதாலேயே குற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. எல்லாப் பொட்டலமும் பேசும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் பேசக் கூடிய ஒன்றைப் பேசவிடாமல் வைத்திருப்பது வேறு விஷயம்.

பணம் இல்லையா? 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் அப்போதைய நிதி மந்திரி ப. சிதம்பரம் நிர்பயா நிதி என்று 1,000 கோடி ரூபாயுடன் ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து மகளிர் பாதுகாப்புக்கான பல திட்டங்கள் வந்தன. சண்டிகரில் நவீன டி.என்.ஏ. ஆய்வகம் 2019-ல் திறந்தது. மாநில ஆய்வகங்களுக்கும் தொகை போயிற்று. ஆனால் அதே 2019-ல் பார்லிமெண்டில் வைத்த கணக்குப்படி மாநிலங்கள் வாங்கிய பணத்தில் சிறு பங்கே செலவாகியிருந்தது. 2024 ஜூனில் தடய அறிவியல் வசதிகளுக்காக ஐந்தாண்டுக்கு 2,254.43 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே, 2024 ஜூலை 1-ஆம் தேதி, புதிய குற்ற நடைமுறைச் சட்டம் அமுலுக்கு வந்தது. ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக் கூடிய குற்றமென்றால் தடயவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் திரட்ட வேண்டும் என்கிறது அது. ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு தவணை.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் பதிவான பலாத்கார வழக்குகள் 31,516. சிறுவர் சிறுமியர் பாதுகாப்புச் சட்ட வழக்குகள் வேறு இருக்கின்றன. இனிமேல் கொலை, கொள்ளை என்று எல்லாத் தடயங்களும் அதே வாசல் வழியாக உள்ளே வரும். வாசலை அகலமாக்கிவிட்டு, உள்ளே மேஜையில் உட்கார ஆளைப் போடாவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் இதை யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்துகொள்ளலாம். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை வண்டி வண்டியாக வந்து நிற்கும். எடை போடுகிற ஆள் குறைவு என்றால் மூட்டை வெளியே கிடக்கும். மழை வந்தால் நெல் முளைத்துவிடும். அந்த முளைத்த நெல்லைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவார்கள். கலெக்டர் ஓடி வருவார். சட்டசபையில் கேள்வி எழும். நியாயந்தான். ஆனால் பொட்டலத்தில் பூஞ்சை பிடித்தால் யார் படம் பிடிப்பார்கள்? அது மூடிய அறையில், மூடிய அலமாரியில், மூடிய உறைக்குள் இருக்கிறது. அதன் சொந்தக்காரியோ வெளியே வந்து 'என் மூட்டை நனைகிறது' என்று கூவ முடியாதவள். கூவ முடியாதவர்களின் பாக்கிதான் எப்போதும் கடைசியில் தீர்க்கப்படுகிறது.

மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் வரத்தான் செய்கிறது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையில் 2025 ஜூன் 2-ஆம் தேதி தண்டனையே விதித்தாயிற்று. அரை வருஷம்கூட ஆகவில்லை! நமக்கு வேகமாகச் செய்யத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பத்திரிகைக்குப் பெயர் தெரியாத கிராமத்தில், மல்லாட்டைக் கொல்லைக்குக் களை வெட்டப் போகிறவளின் மகளுக்கு அந்த வேகத்தைத் தருவது யார்?

பொதுப் பணம் மட்டுமே தர முடியும். அதுவும் எந்த மாதிரிப் பணம் என்பது முக்கியம். கட்டடம் கட்டுவது சுலபம். கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். இயந்திரம் வாங்குவதும் சுலபம். திறப்பு விழா நடத்தலாம். ஆனால் ஒரு விஞ்ஞான உதவியாளரின் மாதச் சம்பளத்துக்குத் திறப்பு விழா கிடையாது. இயந்திரத்துக்கு ஊற்றுகிற ரசாயனத்துக்கு நாடா வெட்ட முடியாது. பழுதுபார்ப்பு ஒப்பந்தத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. பொட்டலம் நகர்வதோ இவற்றால்தான். வருஷா வருஷம், ஓசையில்லாமல், தவறாமல் கொடுக்கிற பணம் வேண்டும். காலியிடம் விழுந்தவுடன் நிரப்புகிற ஏற்பாடு வேண்டும். பழைய பொட்டலங்களைத் தீர்க்கத் தனித் தொகை வேண்டும். இல்லாவிட்டால் புதியதைத் தொட்டால் பழையது கிடக்கும், பழையதைத் தொட்டால் புதியது கிடக்கும்.

இன்னும் ஒன்று. கடையில் ஒரு புடவைக்கு ஆர்டர் கொடுத்தால், அது சூரத்தை விட்டுக் கிளம்பியது, சென்னைக்கு வந்தது, திண்டிவனத்தைத் தாண்டிவிட்டது என்று நம் கைபேசி மூச்சுக்கு மூச்சு சொல்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். தன் தடயம் இப்போது எங்கே இருக்கிறது என்று அவளே பார்த்துக்கொள்ளலாம். அதை இங்கே செய்ய முடியாதா? புடவைக்கு இருக்கிற மரியாதை அந்தத் துணிக்கு வேண்டாமா?

சிறுவர் சிறுமியர் பாதுகாப்புச் சட்டம் 2012-லேயே சொல்கிறது, விசாரணையைக் கூடிய வரையில் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று. புலன் விசாரணைக்கு இரண்டு மாதம் என்று 2018-லிருந்து சட்டம் கெடு வைத்திருக்கிறது. டாக்டர் ஏழு நாளைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது புதிய சட்டம். போலீசுக்குக் கெடு, டாக்டருக்குக் கெடு, கோர்ட்டுக்குக் கெடு! இந்தச் சங்கிலியில் ஆய்வகம் என்ற கண்ணிக்குக் கெடு மட்டும் விதித்தால் போதாது. கெடுவைக் காப்பாற்றுகிற ஆள்பலமும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வேலை செய்கிறவர்களைத்தான் வதைப்போம். அவர்கள் மேஜையில் குவிந்து கிடப்பது அவர்களுடைய சோம்பலல்ல, நம்முடைய கருமித்தனம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் சட்டசபை உறுப்பினர் வருவார். ரோடு வேண்டும், தண்ணீர் வேண்டும், பஸ் வேண்டும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: 'நம் ஜில்லாவிலிருந்து போன பொட்டலங்கள் எத்தனை? அறிக்கை திரும்பி வந்தவை எத்தனை? மிகப் பழையது எத்தனை நாளாகக் காத்திருக்கிறது? ஆய்வகத்தில் நிரப்பாத இடங்கள் எத்தனை?' நாலே கேள்விகள். இதில் எந்தப் பெண்ணின் பெயரும் வராது. எந்தக் குடும்பத்தின் மானமும் போகாது. பதிலை ஒவ்வோர் ஆண்டும் சட்டசபையில் வைத்தால் போதும், பொட்டலங்கள் தாமாக நகரத் தொடங்கும்.

அந்த வழக்கில் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்ததாகப் பின்னால் ஏட்டு சொன்னார். அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லையாம். அவளுக்கு வர வேண்டியிருந்த அந்த இரண்டு வருஷத்தை இனி எந்த பட்ஜெட்டிலும் ஒதுக்க முடியாது. இன்று எங்கேயோ ஒரு வீட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கை பரபரக்க நிற்கிற இன்னொரு தாய்க்கு மட்டும் நாம் ஏதாவது செய்ய முடியும். 'துவைக்காதே' என்று அவளிடம் சொல்லுகிற உரிமை நமக்கு வேண்டுமானால், அதை வாங்கிப் பார்க்கிற ஆளுக்குச் சம்பளத்தை முதலில் எடுத்து வைப்போம்.